‘நல்லா வரையுறே’ என்றால் என்ன அர்த்தம்? ஓர் ஓவிய மாணவியின் சுயமதிப்பீடு சொல்லும் பாடம்

இரவு 11.40 மணி. சென்னையில் ஒரு பெண்கள் விடுதி. லேப்டாப் திரையில் ஒரே ஒரு வரி இருக்கிறது: ‘எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரைவதில் ஆர்வம் அதிகம்.’ அதற்குப் பிறகு கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது இரவாக இதே நிலைமை.

இறுதியாண்டு படிக்கும் அந்த மாணவியின் சிறப்புப் பாடம் இல்லஸ்ட்ரேஷன், அதாவது கதைக்கும் கட்டுரைக்கும் படம் போடுவது. போர்ட்ஃபோலியோவுடன் இரண்டு பக்க சுயமதிப்பீடு ஒன்றையும் கல்லூரி கேட்டிருக்கிறது. தலைப்புகள் மூன்று: திறன், தன்னம்பிக்கை, தொழில் இலக்கு. மதிப்பெண் மட்டும்தான் என்றால் எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதே வாரத்தில் அவருக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஒன்று, ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யூ.ஐ. டிசைன் வேலை. இன்னொன்று, ஒரு குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போட்டுத் தர முடியுமா என்ற கேள்வி. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் மிஷின்மேனாக இருக்கும் அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான்: “உனக்கு எது சரின்னு படுதோ செய் பாப்பா. ஆனா உனக்கு என்ன வரும், என்ன வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டுச் செய்.”

அவருக்குத் தெரியாததே அதுதான்.

ஓவியம் படிப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை இது. ஆண்டுதோறும் அலுவலகத்தில் ‘செல்ஃப் அப்ரைசல்’ படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கும் பழக்கமானதுதான். நம்மைப் பற்றி நாமே எழுதும்போது ஒன்று பெருமையடித்துக்கொள்கிறோம், இல்லையென்றால் ஒரேயடியாகக் குறைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மையை எப்படிப் பிடிப்பது?

முதல் டிராஃப்ட்டில் என்ன பிரச்சினை?

நான்காம் நாள் எப்படியோ ஒரு பக்கத்தை நிரப்பிக்கொண்டு ஆசிரியையிடம் போனார். ‘கற்பனைத்திறன் மிக்கவள்’, ‘கடின உழைப்பாளி’, ‘நிறங்களை நன்றாகக் கையாள்வேன்’, ‘உடற்கூறு வரைவதில் இன்னும் முன்னேற வேண்டும்’. ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

“அடைமொழி எல்லாத்தையும் நீயே அடிச்சிடு. மிச்சம் என்ன இருக்குன்னு பார்ப்போம்.”

அடித்து முடித்தபோது மூன்று வரிகள் தேறின. படித்த பாடங்கள், செய்த இன்டர்ன்ஷிப், பயன்படுத்தத் தெரிந்த சாஃப்ட்வேர்கள். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதக்கூடியவை.

பிரிட்டன் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் முன்வைத்த சுயபரிசீலனை முறை இன்றும் பல கல்லூரிகளில் பின்பற்றப்படுகிறது. அதில் ஆறு படிகள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக வந்தது எது வரவில்லை, ஏன் அப்படி, இதிலிருந்து என்ன தெரிகிறது, அடுத்து என்ன செய்வேன். கவனித்தால், ‘நான் எப்படிப்பட்டவள்?’ என்ற கேள்வி இதில் எங்கும் இல்லை. தொடக்கமே ‘என்ன நடந்தது?’ என்பதுதான். நம் மாணவி நேராகக் கடைசிப் படிக்குத் தாவியிருந்தார்.

“உன் 40 படத்தையும் தரையில பரப்பு. வேற யாரோ வரைஞ்சதுன்னு நினைச்சுக்கோ. என்ன இருக்குன்னு எண்ணு” என்றார் ஆசிரியை.

வரைவது வேறு, படம் போடுவது வேறு

எண்ணத் தொடங்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். எதை எண்ணுவது?

ஒரு நல்ல ஓவியத்தை ஒருவர் மனம் போன நேரத்தில், மனம் போன அளவில் வரையலாம். இல்லஸ்ட்ரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. கதை இன்னொருவருடையது, கெடு பதிப்பாளருடையது, அளவு அச்சகத்துடையது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தபோது அதற்குப் படம் போட்டவர் மணியம். நன்றாக வரைந்தால் மட்டும் அந்த வேலை முடிந்துவிடாது. முதல் ஆண்டில் பார்த்த வந்தியத்தேவனை மூன்றாம் ஆண்டிலும் வாசகர் ‘இது அவன்தான்’ என்று பார்த்தவுடன் சொல்ல வேண்டும். குதிரையில் இருந்தாலும், இருட்டில் நின்றாலும், முதுகைக் காட்டினாலும். அதுவும் ஒவ்வொரு வாரமும், இதழ் அச்சுக்குப் போகும் முன்.

குழந்தைகள் படப் புத்தகத்திலும் இதே கதைதான். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16 என்ற மடங்கில் கிடைப்பதால், படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. அந்த 32 பக்கங்களிலும் ஒரே குழந்தை, ஒரே சட்டை, ஒரே இரட்டை ஜடை. இரண்டு பக்கம் விரியும் படத்தில் முகம் நடு மடிப்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது. எழுத்துக்கு இடம் விட வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் புத்தகம் என்றால், இரண்டில் எது நீளமோ அதற்கு ஏற்ற இடம்.

ஆக ‘எனக்கு வரைய வருமா?’ என்பதை இப்படி உடைக்கலாம்: ஒரே பாத்திரத்தைப் பல கோணங்களில் வரைய முடிகிறதா? கொடுத்த நேரத்தில் முடிகிறதா? திருத்தம் கேட்டால் செய்ய முடிகிறதா? அச்சில் சரியாக வருகிறதா? இவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல முடியும்.

கை எங்கே போச்சு?

விடுதி அறைத் தரையில் 40 படங்கள் விரிந்தன. மனிதர்கள் இருந்த படங்கள் 31. முதலில் முகங்களைப் பார்த்தார். பெரும்பாலானவை இடது பக்கம் லேசாகத் திரும்பிய முகங்கள். வலது பக்கம் பார்ப்பவை நான்கு. அண்ணாந்து பார்ப்பது ஒன்று. குனிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அடுத்து கைகள். விரல்கள் முழுமையாகத் தெரிந்தது ஆறே படங்களில். மற்ற 25 படங்களில் கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தது, முதுகுக்குப் பின்னால் இருந்தது, தாவணிக்குள் இருந்தது. ஒரு படத்தில் பாட்டியின் இரண்டு கைகளையும் ஒரு பூனை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அந்தப் பூனை எவ்வளவு க்யூட்னு எல்லாரும் சொன்னாங்க. அது எதுக்கு அங்கே வந்துச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்” என்று அறைத்தோழியிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

முதல் டிராஃப்ட்டில் ‘உடற்கூறில் முன்னேற வேண்டும்’ என்று எழுதியபோது வலிக்கவில்லை. ‘31-ல் 25 படங்களில் கையை மறைத்திருக்கிறேன்’ என்று எழுதும்போது வலித்தது. ஆனால் ‘முன்னேற வேண்டும்’ என்பதை வைத்துக்கொண்டு மறுநாள் காலை என்ன செய்வது? கை வரையத் தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்பது தெளிவு. ஒரு நாளைக்குப் பத்துக் கைகள். பேருந்தில் கம்பியைப் பிடித்த கை, டீ ஆற்றும் கை, பூக் கட்டும் கை.

வலிக்கிற அளவுக்குக் குறிப்பாக எழுதினால்தான் சுயமதிப்பீடு பயன்படும். மேலோட்டமாக எழுதும் குறை அடக்கமாகத் தெரியும், அவ்வளவுதான்.

பட்டியலில் விட்டுப்போன திறமை

எண்ணியதில் இன்னொன்றும் கிடைத்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய எல்லா ஃபைல்களும் அச்சுக்குத் தயாராக இருந்தன. ஓரத்தில் வெட்டுவதற்காகக் கூடுதல் 3 மில்லிமீட்டர். நிறங்கள் நான்கு வண்ண முறையில். திரையில் பளிச்சென்று மின்னும் பச்சையையும் நீலத்தையும் அவர் நம்பியதே இல்லை. தாளில் அவை மங்கும் என்று அவருக்குத் தெரியும். சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டும்தான் பயன்படுத்துவார். நான்கு மைகளையும் கலந்து கறுப்பு கொண்டுவந்தால், பிளேட்டுகள் இம்மி விலகினாலும் எழுத்து கலங்கிவிடும். சிவகாசி பாஷையில் ‘ரெஜிஸ்டர் அவுட்’.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு பிரசுரம் இந்தக் காரணத்தால் கெட்டுப்போக இருந்தபோது, புரூஃப் பார்த்த ஐந்து நிமிடத்தில் அவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். அதை முதல் டிராஃப்ட்டில் எழுதவே இல்லை. ஏன்?

“இது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன் மேம்.”

எல்லோருக்கும் தெரியாது. அப்பா வேலை செய்யும் மிஷினுக்குப் பக்கத்தில் பள்ளி விடுமுறைகளைக் கழித்த பெண்ணுக்குத் தெரியும். ஆடி 18 அன்று புது ஆண்டு காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் ஊரில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியும்.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு, ‘அரைகுறையாகத் தெரிந்தவர்கள் தங்களை அதிகமாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள்’ என்பதற்காகப் புகழ்பெற்றது. அதன் மறுபாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. நன்றாகச் செய்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிடும்போது தங்கள் இடத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள். தங்களுக்கு எளிதாக வருவது மற்றவர்களுக்கும் எளிதாகவே வரும் என்று அவர்கள் நினைத்ததே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அதனால்தான் திறமைப் பட்டியல் போடும்போது ‘எனக்கு எது கஷ்டம்?’ என்பதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும்: ‘மற்றவர்கள் என்னிடம் எதைக் கேட்டு வருகிறார்கள்?’ வகுப்பில் ஃபைலை அச்சுக்கு அனுப்பும் முன் பாதிப் பேர் இவரிடம்தான் காட்டிவிட்டுப் போவார்கள்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது தலைப்பில் அவர் முதலில் எழுதியது: ‘எனக்குத் தன்னம்பிக்கை குறைவு. வளர்த்துக்கொள்ள வேண்டும்.’

செடியா, தண்ணீர் ஊற்றி வளர்க்க?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் வெளியிட்ட கட்டுரையில், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். ஒன்று, நாமே செய்து முடித்த அனுபவம். இரண்டு, நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. மூன்று, ‘உன்னால் முடியும்’ என்று பிறர் சொல்வது. நான்கு, அந்த நேரத்து உடல், மன நிலை. நான்கில் வலுவானது முதலாவதுதான் என்பது அவர் கருத்து.

இதை மாணவியின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். இன்ஸ்டாகிராமில் வரும் ‘சூப்பர் அக்கா’, ‘ஃபயர்’ எல்லாம் மூன்றாவது ஊற்று. இனிக்கும், சீக்கிரம் வற்றிவிடும். அதே இன்ஸ்டாகிராமில் பார்க்கும் பிறர் படங்கள் இரண்டாவது ஊற்றாக இருந்திருக்க வேண்டியவை. ஆனால் அங்கே தெரிவது முடிந்த படம் மட்டுமே. கசக்கி எறிந்த பதினோரு தாள்கள் தெரிவதில்லை. அதனால் ‘அவரால் முடிகிறது, என்னாலும் முடியும்’ என்பதற்குப் பதிலாக ‘அவரால் முடிகிறது, நான் எதற்கு?’ என்ற எண்ணமே மிஞ்சுகிறது.

திறமை இருந்தும் ‘நான் போலி, ஒருநாள் மாட்டிக்கொள்வேன்’ என்று உள்ளுக்குள் நடுங்குவதை 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் விவரித்தார்கள். இன்று பரவலாகப் பேசப்படும் ‘இம்போஸ்டர்’ உணர்வு அதுதான். அவர்கள் ஆராய்ந்தது படிப்பிலும் வேலையிலும் சாதித்திருந்த பெண்களை. ஆக, சாதித்துவிட்டால் அந்தப் பயம் தானாகப் போய்விடும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? முதல் ஊற்றுக்கே போவது. முடித்த வேலைகளைக் கணக்கில் கொண்டுவருவது. அவர் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதத் தொடங்கினார். என்ன வேலை, எந்தத் தேதிக்குள், எப்போது முடித்தேன், எத்தனை திருத்தம், என்ன கற்றுக்கொண்டேன். நான்கு ஆண்டுகளில் கெடுவுக்குள் கொடுத்த வேலைகள் 17, தவறியவை மூன்று. தவறிய மூன்றிலும் காரணம் ஒன்றுதான்: பென்சில் ஸ்கெட்ச்சை யாரிடமும் காட்டாமல், முழுதாக முடித்த பிறகு காட்டியது. பயத்தால் மறைத்தது, நேரத்தைத் தின்றிருக்கிறது.

‘தன்னம்பிக்கை குறைவு’ என்ற வரியை அடித்துவிட்டு அவர் எழுதியது: ‘ஸ்கெட்ச் நிலையில் காட்டப் பயப்படுகிறேன். காட்டிய வேலைகள் கெடுவுக்குள் முடிந்தன. இனி இரண்டாம் நாளே காட்டுவேன்.’

இதே தொழிலில் முன்னோடியான கோபுலு, வயதான காலத்தில் பக்கவாதத்தால் வலது கை பாதிக்கப்பட்டபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். பல பத்தாண்டுகள் கோடு போட்டுப் பழகிய மனிதருக்கு, கை மாறினாலும் கண்ணில் இருந்த தொழில் போகவில்லை. செய்து செய்து வந்த நம்பிக்கை அது.

ஏஐ வந்த பிறகு இந்தப் படிப்பு எதற்கு?

2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் ‘ஜிப்லி’ பாணிப் படங்கள் உலகம் முழுக்கப் பரவியபோது, அவரது குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கல்யாண ஃபோட்டோக்கள் எல்லாம் கார்ட்டூனாக மாறின. சித்தப்பா ஒருவர் கேட்டார்: “நீ நாலு வருஷம் படிக்கிறதை இது நாலு செகண்டுல பண்ணுதே பாப்பா?”

கிண்டல்தான். ஆனால் அன்று இரவு அவர் எதையும் வரையவில்லை.

பயம் பொய் என்று சொல்லிவிட முடியாது. வலைப்பதிவுக்கு ஒரு படம், பேனருக்கு ஒரு பின்னணி, ‘ஏதாவது ஒரு படம் இருந்தால் போதும்’ என்ற வகை வேலைகள் இந்தக் கருவிகளின் கைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. புதியவர்கள் கை பழகுவது இந்தச் சின்ன வேலைகளில்தான் என்பது கூடுதல் சிக்கல். தங்கள் படங்களை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக ஏஐ பட நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார்கள்.

சுயமதிப்பீட்டில் அவர் இதையும் இரண்டாகப் பிரித்தார். கருவி செய்துவிடக்கூடியது: பின்னணி, அலங்காரம், யாருடைய பாணியையாவது போல ஒரு படம். தன்னிடம் கேட்கப்படப்போவது: எழுத்தாளரோடு உட்கார்ந்து, எந்தக் காட்சியை வரைவது, எதை வாசகரின் கற்பனைக்கு விடுவது என்று முடிவெடுப்பது. தீப்பெட்டி ஒட்டும் பெண்ணின் விரல் எப்படி மடங்கும் என்று நேரில் பார்த்து வரைவது. ‘இந்தப் பக்கத்தில் அவள் கோபமாக இல்லை, ஏமாந்திருக்கிறாள்’ என்று ஆசிரியர் சொன்னால் அந்தப் புருவத்தை மட்டும் மாற்றுவது. படத்துக்குப் பொறுப்பேற்பது.

இரண்டாவது பட்டியலிலும் ஒரு கை வந்து நின்றதை அவர் கவனித்தார்.

இலக்கு என்றால் கணக்கும் சேர்ந்ததுதான்

மூன்றாவது தலைப்பு தொழில் இலக்கு. ‘சிறந்த குழந்தைகள் புத்தக ஓவியராக வேண்டும்’ என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல உதவாது.

அவர் பயன்படுத்தும் ஆப், ஒவ்வொரு ஃபைலிலும் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்று கணக்கு வைத்திருந்தது. இரண்டு பக்கம் விரியும் ஒரு படத்துக்குச் சராசரியாக 14 மணி நேரம். கேட்டிருந்த புத்தகத்தில் 14 விரி படங்கள், ஓர் அட்டை. மொத்தம் 15. வரைய மட்டும் 210 மணி நேரம். படத்துக்கு 2 மணி நேரம் திருத்தம் என்றால் இன்னும் 30. ஆக 240 மணி நேரம். சொல்லப்பட்ட தொகை 40 ஆயிரம் ரூபாய். மணிக்கு ஏறக்குறைய 167 ரூபாய்.

அதைப் பார்த்ததும் வந்தது ஏமாற்றம். கொஞ்ச நேரம் கழித்து வந்தது தெளிவு. இதை மட்டும் நம்பி சென்னையில் வாடகை கொடுக்க முடியாது. அதே நேரம், வாரநாளில் தினமும் 2 மணி நேரம், சனி ஞாயிறு தலா 5 மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 20 மணி நேரம். 12 வாரங்களில் புத்தகம் முடியும். கை வரைவதில் தடுமாற்றம் இருப்பதால் இன்னும் 4 வாரம் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலையா, கலையா என்ற கேள்வி, ‘16 வாரம் கிடைக்குமா?’ என்ற கேள்வியாகச் சுருங்கியது.

வேறு வேலை பார்த்துக்கொண்டே வரைவது தோல்வி என்ற எண்ணமும் அவருக்குள் இருந்தது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கி.ராஜநாராயணனின் எழுத்துக்கு மறக்க முடியாத கோடுகளைத் தந்த ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். கே.சி.எஸ்.பணிக்கர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், கலைஞர்கள் பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்துக்கான நேரத்தைச் சம்பாதித்தார்கள். கோபுலுவே பத்திரிகையிலிருந்து விளம்பரத் துறைக்குப் போனவர்தான்.

கையெழுத்துப் போடும் முன்

கணக்கு முடிந்தாலும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அதை நினைவூட்டியது அப்பா சொன்ன ஒரு பழைய பேச்சு.

“காலண்டர்ல சாமி படம் லட்சக்கணக்குல ஓடும் பாப்பா. கோவில்பட்டி கொண்டையராஜு மாதிரி ஒண்ணு ரெண்டு பேரு பேர்தான் தெரியும். மத்தவங்க ஒரு தடவை காசு வாங்கிட்டுப் போயிருவாங்க. படம் வருஷா வருஷம் ஓடிக்கிட்டிருக்கும்.”

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இதில் என்ன சொல்கிறது?

* பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆனால் பிரிவு 17-ல் விதிவிலக்குகள் உண்டு. வேலையில் இருக்கும்போது, அந்த வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை நிறுவனத்துக்குப் போகும். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரைவிக்கும் ஓவியமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே சேரும். எனவே ‘வாய்ப்பேச்சு போதும்’ என்று இருந்தால் நஷ்டம் வரைந்தவருக்குத்தான்.
* உரிமையை மாற்றித் தருவது எழுத்துபூர்வமாக, கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எத்தனை காலம், எந்த நாடுகள் என்பதெல்லாம் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது பிரிவு 19. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும்.
* உரிமையை விற்ற பிறகும், ‘இதை வரைந்தது நான்’ என்று கோரும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது பிரிவு 57. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பம் அகற்றப்பட்டுச் சிதைந்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது இந்தப் பிரிவின் அடிப்படையில்தான்.

யூ.ஐ. வேலைக்கான ஒப்பந்தத்திலும் ஒரு வரி உறுத்தியது. ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்.’ அலுவலக நேரத்துக்கு வெளியே வரையும் புத்தகமும் இதில் அடங்குமா? வேலைக்குச் சேரும் முன்பே கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினார். பிறகு தன் நோட்டைத் திறந்து பார்த்தார். ‘இரண்டாம் நாளே காட்டுவேன்.’ மின்னஞ்சலை அனுப்பினார்.

உங்கள் சுயமதிப்பீட்டுக்கு ஐந்து கேள்விகள்

ஓவியர் என்றில்லை, எந்தத் துறையில் இருப்பவரும் இவற்றைத் தனக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

1. கடந்த ஓராண்டில் முடித்த வேலைகளை விரித்து வைத்தால், எதை நான் திரும்பத் திரும்பத் தவிர்த்திருக்கிறேன்?
2. மற்றவர்கள் எதற்காக என்னைத் தேடி வருகிறார்கள்?
3. ஒரு வேலைக்கு எனக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது?
4. தவறிய வேலைகளில் பொதுவான காரணம் ஏதாவது இருக்கிறதா?
5. நாளைக் காலை இதற்காக நான் செய்யப்போகும் முதல் காரியம் என்ன?

ஐந்துக்கும் அடைமொழி இல்லாமல் பதில் எழுத வேண்டும் என்பதே நிபந்தனை.

வெள்ளிக்கிழமை என்ன ஆனது?

நிறுவனத்திடமிருந்து பதில் வர இரண்டு நாள் ஆனது. ‘அலுவலகக் கருவிகளைப் பயன்படுத்தாமல், அலுவலக நேரத்துக்கு வெளியே வரையும் புத்தகப் படங்கள் உங்களுக்கே சொந்தம்’ என்று எழுத்தில் தந்தார்கள். பதிப்பாளர் தொகையைக் கூட்டவில்லை. ஆனால் 16 வார அவகாசத்துக்கும், உரிமை 5 ஆண்டுகள் மட்டும் என்பதற்கும், முன் அட்டையில் ஓவியர் பெயர் என்பதற்கும் ஒப்புக்கொண்டார். இரண்டுக்கும் ‘சரி’ என்று பதில் போனது.

இது சரியான முடிவா? வேலை முடிந்து களைத்து வரும் ஒருவரால் தினமும் 2 மணி நேரம் வரைய முடியுமா என்பது அந்த 16 வாரங்களில்தான் தெரியும். சுயமதிப்பீட்டின் கடைசி வரியாக அவர் எழுதியதும் அதைத்தான்: ‘எட்டாவது வாரம் ஏழு படங்கள் முடிந்திருக்காவிட்டால், இந்தத் திட்டத்தை மாற்றுவேன்.’

அன்று இரவு, அட்டைக்கான முதல் ஸ்கெட்ச்சை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் பட்டத்து நூலைப் பிடித்திருக்கிறாள். பத்து விரல்களும் தெரிகின்றன. கீழே சின்ன எழுத்தில், கரும்பழுப்பு நிறத்தில், பெயர்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. படம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

“பேரை ஏன் பழுப்புல போட்டிருக்க? சின்ன எழுத்து, ரெஜிஸ்டர் விலகுனா கலங்கிரும். ஒத்தக் கறுப்புல போடு பாப்பா. தெளிவா விழணும்.”